காற்றைப் படித்த ஆட்டம்: தமிழகத்தில் கோல்ஃபும் பருவகாலங்களும்

கோல்ஃப் என்பது சிறிய கெட்டிப் பந்தை மட்டையால் அடித்து, முடிந்தவரை குறைந்த அடிகளில் தொலைவிலுள்ள குழிக்குள் சேர்க்கும் ஆட்டம். தமிழில் இதைக் குழிப்பந்தாட்டம் என்றும் சொல்வர். ஸ்காட்லாந்தின் கடலோரப் புல்வெளிகளில் உருவான இவ்வாட்டம் ஆங்கிலேயர் ஆட்சியோடு தமிழகத்துக்கு வந்தது. அது பிறந்த இடத்தில் ஆண்டு முழுவதும் காற்று வீசும். தூறலும் அடிக்கடி உண்டு. புல் தானாக வளரும். வந்துசேர்ந்த இடத்திலோ பல மாதங்கள் மண் வெடிக்கும் வெயில், பிறகு மூன்று மாதங்களுக்குள் ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட மழை, நடுவில் புயல். ஆகவே ஆட்டத்தை அப்படியே கொண்டுவந்து நட முடியவில்லை. ஆடும் நேரம், ஆடும் மாதம், தரை, பந்து, விதிமுறை என ஒவ்வொன்றும் இந்த மண்ணின் காற்றுக்கும் மழைக்கும் ஏற்ப மாறின. அந்த மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

கோல்ஃப் தமிழகத்தில் மிகச் சிலரே ஆடும் ஆட்டம். ஆயினும் அதற்குப் பெரும் நிலப்பரப்பும் நிறைய நீரும் தேவை. எனவே பருவகாலத்தோடு அது செய்துகொண்ட உடன்பாடு ஆடுபவர்களை மட்டும் சார்ந்த செய்தி அன்று.

செஞ்சியும் கடலூரும்: பறக்கும் குண்டின் கணக்கு

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சிங்கவரம் உள்ளது. குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதர் கோயிலால் அறியப்பட்ட ஊர் அது. அதன் அருகே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டை நிற்கிறது. இந்த வட்டாரம் கோல்ஃபுக்குப் பெயர்பெற்றதன்று. ஆனால் காற்றின் ஊடே பறக்கும் உருண்டை எங்கே போய் விழும் என்ற கேள்வி இங்கே பல தலைமுறைகளுக்கு உயிரோடு விளையாடிய கேள்வியாக இருந்தது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. செங்குத்தான கருங்கல் மலையை நோக்கிக் கீழிருந்து பீரங்கி சுடுவது எளிதன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கனத்த பீரங்கிகளைச் சேற்றில் நகர்த்துவதும் வெடிமருந்தை ஈரம் படாமல் காப்பதும் எந்தப் படைக்கும் பெரும்பாடு.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சியைக் கைப்பற்றினார். அதே மாதத்தில், தென்கிழக்கே கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் ஓர் ஆங்கிலேயர் காய்ச்சலில் விழுந்து கிடந்தார். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்துவதற்காகத் தலைமைப் பொறியாளராக அனுப்பிவைத்த கணித அறிஞர் அவர். 1750 ஜூலையில் வந்து இறங்கியவர் ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1751 ஜூலையில், அங்கேயே இறந்தார்.

இன்று உலகில் எந்தத் திடலில் கோல்ஃப் பந்து காற்றில் வளைந்தாலும், அந்த வளைவை முதலில் ஆய்ந்து விளக்க முயன்றவர்களில் ஒருவர் இந்த ராபின்ஸ்தான். 1742-இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூல், பறக்கும் குண்டின் மீது காற்று செலுத்தும் தடை அதுவரை எண்ணியதைவிட மிகப் பெரிது என்று அளந்து காட்டியது. அடுத்து அவர் இன்னொன்றையும் கண்டார். துப்பாக்கிக் குண்டுகள் நேராகச் சென்று மேலிருந்து கீழே மட்டும் விழவில்லை, பக்கவாட்டிலும் விலகின. குண்டு குழலை உரசி வெளிவரும்போது சுழல்வதே காரணம் என்று அவர் சொன்னார். அதை மெய்ப்பிக்க ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். வளைவின் காரணமாகக் குண்டு முதலில் இடப்பக்கம் சென்றது. ஆனால் வளைந்த குழலின் வெளிச் சுவரை உரசியதால் பெற்ற சுழற்சி அதைப் போகப் போக வலப்பக்கம் இழுத்தது. அக்காலத்தின் பெருங்கணித மேதை ஆய்லர் கூட இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. குண்டுகள் சரியான உருண்டையாக இல்லாததே விலகலுக்குக் காரணம் என்றார். ஒரு நூற்றாண்டு கழித்து 1852-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னஸ் செய்த சோதனைகளுக்குப் பிறகு இந்த விளைவு அவர் பெயரால் வழங்கலாயிற்று.

குண்டிலிருந்து பந்துக்கு

ராபின்ஸின் கண்டுபிடிப்பைக் கோல்ஃபோடு இணைத்தவர் எடின்பரோ இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட். அவருடைய மகன் ஃபிரெடரிக் டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். நன்றாக அடிக்கப்பட்ட கோல்ஃப் பந்து, சுழலாத பந்தைவிட நெடுநேரம் காற்றில் நிற்பது ஏன் என்ற கேள்வியை 1890-களில் டெய்ட் ஆராய்ந்தார். மட்டையின் சாய்ந்த முகம் பந்தைப் பின்னோக்கிச் சுழல வைக்கிறது. அப்படிச் சுழலும் பந்தின் மேற்பரப்பு எதிரே வரும் காற்றோடு சேர்ந்து நகர்கிறது. கீழ்ப்பரப்பு காற்றை எதிர்த்து நகர்கிறது. இதனால் பந்தைக் கடந்து செல்லும் காற்று கீழ்நோக்கித் திரும்புகிறது; பந்து மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. சுழற்சியின் அச்சு ஒரு பக்கம் சாய்ந்தால் பந்து அந்தப் பக்கம் வளைகிறது.

எதிர்க்காற்றில் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்தே அறியலாம். காற்று எதிர்த்து வரும்போது பந்துக்கும் காற்றுக்கும் இடையிலான வேகம் கூடுகிறது. தடையும் கூடுகிறது, தூக்கலும் கூடுகிறது. ஓங்கி அடித்தால் சுழற்சி இன்னும் மிகும். பந்து பட்டம் போல மேலே ஏறி, முன்னே போகாமல் செங்குத்தாக விழும். எனவே எதிர்க்காற்றில் வலுவாக அடிப்பது பயன் தராது. சாய்வு குறைந்த மட்டையை எடுத்து, மெதுவாக வீசி, பந்தைத் தாழப் பறக்க விடுவதே வழி. அனுபவத்தால் ஆட்டக்காரர்கள் அறிந்திருந்ததை டெய்டின் கணக்கு விளக்கியது.

பந்தின் வரலாறும் வானிலையோடு பின்னியதே. பழைய பந்து தோல் உறைக்குள் இறகுகளை இறுகத் திணித்துத் தைத்தது. மழையில் நனைந்தால் கனத்துவிடும். தையல் பிரிந்து வெடிக்கும். 1848 வாக்கில் மலாய்த் தீவுகளின் மரப்பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சா பந்து வந்தது. அது ஈரத்தைப் பொருட்படுத்தவில்லை. வெந்நீரில் இளக்கி மீண்டும் உருட்டவும் முடிந்தது. புதுப் பந்தைவிட அடிபட்டுத் தழும்பேறிய பந்து நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தனர். பிறகு வேண்டுமென்றே அதன் மேல் தழும்புகளைப் பதித்தனர். இன்றைய பந்திலுள்ள சிறு குழிகளுக்கான காப்புரிமையை 1905-இல் கோரியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் டெய்லர். அந்தக் குழிகள் காற்றைப் பந்தோடு சற்று நெருங்கி ஓடச் செய்து தடையைக் குறைக்கின்றன.

பந்தின் அளவிலும் காற்றுக்கு ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் 1.68 அங்குல விட்டமுள்ள பந்து கட்டாயமாக இருந்தது. மற்ற நாடுகளில் 1.62 அங்குலப் பந்து நெடுங்காலம் செல்லும். சிறிய பந்து காற்றை எளிதாகக் கிழித்துச் சென்றதால் கடலோரத் திடல்களில் அதற்கு வரவேற்பு இருந்தது. 1974-இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் பெரிய பந்து கட்டாயமாயிற்று. 1990-இல் சிறிய பந்து விதிகளிலிருந்தே நீங்கியது. அதன்பின் காற்றைச் சமாளிப்பது முழுக்க ஆட்டக்காரரின் கையில் வந்து நின்றது.

நான்கு காற்றுகளின் நாடு

இந்தியாவில் கோல்ஃப் முதலில் வேர்விட்டது கல்கத்தாவில். 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் சங்கம் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் சங்கமாகக் கருதப்படுகிறது. தெற்கே 1876-இல் பெங்களூரிலும் 1879-இல் கொழும்பிலும் சங்கங்கள் தோன்றின. சென்னையில் 1884-இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா சங்கத்தின் கோல்ஃப் திடல், கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் ஓடுபாதைக்கு உட்பட்ட நிலத்தில் அமைந்தது. 1873-இல் தொடங்கிய காஸ்மாபாலிடன் சங்கம் பிற்காலத்தில் நந்தனத்தில் தன் திடலை அமைத்தது.

இவர்கள் வந்திறங்கிய நாட்டில் காற்றுக்கு ஏற்கெனவே பெயர்கள் இருந்தன. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. திசையால் மட்டுமன்றிக் காலத்தாலும் குணத்தாலும் வேறுபட்ட நான்கு காற்றுகள் இவை. உழவரும் கடலோடிகளும் இவற்றை வைத்தே நாளைக் கணித்தனர். கிண்டியில் ஆடியவர்களும் பெயர் தெரியாமலே இந்நான்கையும் கற்க வேண்டியிருந்தது.

மே, ஜூன் மாதங்களில் காலையில் மேற்கிலிருந்து உலர்ந்த வெப்பக் காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்து தென்கிழக்கிலிருந்து உள்ளே வரும். மேல்காற்று வலுவாக இருக்கும் நாளில் கடற்காற்று பிந்தும். அன்று நகரம் கொதிக்கும். ஒரே நாளில் காற்று ஏறத்தாழ எதிர்த்திசைக்குத் திரும்புவதால், காலையில் பின்காற்றோடு ஆடிய குழியை மாலையில் எதிர்க்காற்றில் ஆட நேரும். காலையில் ஒரு மட்டை எட்டிய தூரத்தை மாலையில் எட்ட இரண்டு எண் பெரிய மட்டை வேண்டியிருக்கலாம். அக்டோபரில் காற்று வடகிழக்குக்குத் திரும்பும். பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் வேளையில் வாடை மெல்லியதாகி, வானம் தெளிந்து, ஆட்டத்துக்கு மிக உகந்த வாரங்கள் வரும்.

அருகம்புல்லும் எண்ணெய் மணலும்

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. லண்டனில் பெய்வதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஜனவரி முதல் மே வரை மழை மிக அரிது. ஸ்காட்லாந்தின் மென்புற்கள் இந்தக் கோடையைத் தாங்காது.

விடை காலடியிலேயே கிடந்தது. மேலைநாட்டார் பெர்முடா புல் என்று அழைப்பது நம் அருகம்புல்தான். தரையோடு படர்ந்து, மிதிபட்டும் வெட்டுப்பட்டும் மீண்டும் துளிர்க்கும். வறட்சியில் காய்ந்தாலும் முதல் மழையில் பச்சை பிடிக்கும். பிள்ளையாருக்குச் சார்த்தப்படும் இதே புல்லும் இதன் கலப்பினங்களும் இன்று வெப்பநாடுகளின் கோல்ஃப் திடல்களில் பெரும்பகுதியை மூடியிருக்கின்றன. அருகம்புல் ஒரு திசையில் சாய்ந்து படர்வதால், குழியருகே உருளும் பந்து அந்தச் சாய்வுக்கு இணங்கி விலகும். வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் இங்கே முதலில் தடுமாறுவது இதில்தான்.

குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான பகுதிக்கு கிரீன் என்று பெயர். அதை நாள்தோறும் நீர்விட்டு வளர்க்க வேண்டும். நீர் கிடைக்காத இடங்களில் அதற்கு மாற்றாகப் பிரவுன் வந்தது. மணலை எண்ணெயோடு கலந்து இறுக்கிச் சமன்செய்த தரை அது. எண்ணெய் சேர்ந்த மணல் காற்றில் பறக்காது. மழை பெய்தால் நீர் தேங்காமல் வடியும். ஒரு குழு ஆடி முடித்ததும் கட்டையையோ சாக்கையோ இழுத்துத் தடங்களை அழித்துவிடலாம். இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளின் வறண்ட பகுதிகளில் இத்தகைய திடல்கள் பெருகின. பச்சைத் தரையில் ஆடிப் பழகியவர்கள் பிரவுனைக் குறைவாகக் கருதினர். ஆனால் நீரைப் பொறுத்தவரை அதுவே மண்ணோடு ஒத்துப்போன ஏற்பாடு. குழாய்க் கிணறும் மின்மோட்டாரும் பரவிய பிறகே வறண்ட ஊர்களிலும் கிரீன் எளிதாயிற்று. வசதி கூடியது, அதோடு நிலத்தடி நீரின் செலவும் கூடியது.

கோடையில் தரை சுட்ட ஓடு போல் இறுகிவிடும். விழுந்த பந்து குதித்து நெடுந்தூரம் உருளும். அதனால் குழிவரை பறக்கவிடாமல் முன்னதாகவே விழவைத்து உருட்டும் ஆட்டம் பழக்கத்தில் வந்தது. ஆடும் நேரமும் சுருங்கியது. கத்திரி வெயில் நாட்களில் விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பதும், இல்லையேல் கடற்காற்று வந்த பின் மாலையில் ஆடுவதும் இன்றுவரை தொடரும் வழக்கம்.

காற்றை முதலில் அறிந்தவர்கள்

திடலில் மட்டைப் பையைச் சுமந்து, பந்து விழுந்த இடத்தைத் தேடித் தருபவர்களைக் கேடி என்பர். ஆட்டக்காரர்கள் வாரத்தில் ஓரிரு நாள் வருவர். கேடிகளோ நாள்தோறும் அதே நிலத்தில் நடப்பவர்கள். எந்த மரத்தின் உச்சி அசைந்தால் கடற்காற்று வந்துவிட்டது, எந்தக் குழியருகே மழைக்குப் பின் இரண்டு நாள் ஈரம் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பெரும்பாலும் திடலைச் சுற்றியுள்ள எளிய குடியிருப்புகளிலிருந்து வந்த இவர்கள், சங்க உறுப்பினர்கள் ஆடாத நேரத்தில் பழைய மட்டைகளால் தாமே ஆடிக் கற்றனர்.

இந்தியத் தொழில்முறை கோல்ஃபின் வரலாற்றில் இவர்களுக்குப் பெரிய இடம் உண்டு. 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரின் சின்னசுவாமி முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவரே. நிலத்தையும் காற்றையும் படித்த அறிவு, வாய்ப்புக் கிடைத்தபோது பட்டமாக மாறியது.

மலையேறிய ஆட்டம்

வெயிலுக்கு இன்னொரு விடை, இடத்தையே மாற்றிக்கொள்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு கோடைதோறும் உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்தது. கோப்புகளோடும் குடும்பங்களோடும் ஆட்டமும் மலையேறியது. மலை ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. கொடைக்கானல் கோல்ஃப் சங்கம் 1895-இல் தோன்றியது. இலங்கையில் நுவரெலியாவும் இதே காலத்தில் இதே காரணத்துக்காகத் தன் திடலைப் பெற்றது.

உதகையின் புல்வெளி மேடுகளும் மூடுபனியும் குளிரும் ஆங்கிலேயருக்கு ஸ்காட்லாந்தை நினைவூட்டின. தாயகத்தின் மஞ்சள் பூ முட்புதரான கோர்ஸையும் கொண்டுவந்து நட்டனர். இன்று அது நீலகிரியில் பரவிய அயல் களைகளுள் ஒன்று. வெறுமையாக அவர்கள் கண்ட அந்தப் புல்வெளிகள் உண்மையில் வெறுமையாக இருக்கவில்லை. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. மழையை வாங்கிச் சோலைகளுக்கும் ஓடைகளுக்கும் மெல்லக் கசியவிடும் நிலமும் அதுவே.

மலையில் காற்றின் கணக்கும் மாறுகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தின் மீது தடை குறைவதால் சென்னையில் 150 கஜம் செல்லும் அடி உதகையில் 160 கஜம் அளவுக்குச் செல்லும். அடர்த்தி குறைந்த காற்றில் சுழற்சியின் பிடியும் தளர்வதால் பந்து குறைவாகவே வளையும். சமவெளியிலிருந்து வருபவர் முதல் நாளில் குழியைத் தாண்டி அடிப்பது இதனால்தான். மறுபுறம், குளிர்ந்த காலையில் பந்தின் மீள்திறன் குறைந்து, பெற வேண்டிய தூரத்தில் ஒரு பகுதி கழிந்துபோகும்.

மழைக்கணக்கும் வேறு. நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களே அங்கே நல்ல பருவம். டிசம்பர், ஜனவரியில் இரவில் உறைபனி விழுந்து புல் நுனி கருகும். விடிந்தவுடன் அதன்மேல் நடந்தால் புல் முறிந்து தடம் நிற்கும் என்பதால் வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். கொடைக்கானல் திடலில் காட்டெருமைகள் மேய்வது வழக்கமான காட்சி.

மழைக்காக எழுதப்பட்ட விதிகள்

கிடந்த இடத்திலேயே பந்தை ஆட வேண்டும் என்பது கோல்ஃபின் அடிப்படை விதி. ஆனால் வானிலை அதற்குப் பல விலக்குகளைப் பெற்றுத் தந்துள்ளது. மழையால் தற்காலிகமாகத் தேங்கிய நீரில் பந்து கிடந்தால், தண்டனை அடி இல்லாமல் அருகிலுள்ள உலர்ந்த இடத்துக்கு மாற்றலாம். பழைய விதிநூல் இதைத் தற்செயல் நீர் என்றது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் தற்காலிக நீர் என்கின்றன. தரை சேறாகும் காலத்தில், வெட்டப்பட்ட புல்தரையில் கிடக்கும் பந்தை எடுத்துத் துடைத்து அருகே வைத்து ஆட உள்ளூர் விதியால் அனுமதிக்கலாம். பிரிட்டனில் குளிர்காலத்துக்காகப் பிறந்த இந்த ஏற்பாடு தமிழகத்தில் ஐப்பசி, கார்த்திகைக்குப் பொருந்திவந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இடி மின்னல் பற்றிய விதி. மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் ஆட்டக்காரர், நடுவரின் அனுமதிக்குக் காத்திராமல் ஆட்டத்தை நிறுத்தலாம். போட்டியை நடத்துபவர்கள் அபாயச் சங்கு ஒலித்தாலோ அந்தக் கணமே நிறுத்தியாக வேண்டும். இன்னோர் அடிகூட அடிக்கக் கூடாது. திறந்த வெளியில் உலோகக் கம்பை உயர்த்தி நிற்கும் ஆட்டம் இது. தமிழகத்தில் சித்திரை, வைகாசியின் கோடை இடிமழையும் ஐப்பசியின் தொடக்க மழையும் மின்னல் மிகுந்தவை. தனித்து நிற்கும் மரத்தடியில் ஒதுங்குவது உயிருக்கு ஆபத்து. கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ செல்வதே பாதுகாப்பு. வயலில் நிற்கும் உழவருக்கும் இதே விதிதான்.

பருவத்துக்கேற்ற ஆட்டம்

மேற்சொன்ன வரலாற்றின் பயனாக, தமிழகத்தில் ஆடுபவர்கள் பருவந்தோறும் செய்துகொள்ளும் மாற்றங்களை இவ்வாறு தொகுக்கலாம்.

கோடையில் காற்று சூடேறி அடர்த்தி குறைகிறது. 20 பாகை வெப்பத்திலுள்ள காற்றைவிட 40 பாகையிலுள்ள காற்று 6 விழுக்காடு அளவுக்கு இலேசானது. பந்து கூடுதலாகப் பறக்கும். இறுகிய தரையில் கூடுதலாக உருளும். எனவே சிறிய மட்டையே போதும். ஆட்டக்காரருக்கு நீரும் நிழலும்தான் அப்போது முதல் தேவை.

ஈரப்பதம் மிகுந்த காற்று கனமானது, அதனால் பந்து தூரம் போகாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை அதற்கு எதிர்மாறானது. நீராவி உலர்காற்றைவிட இலேசானது. ஆதலால் புழுக்கமான காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவே. மழைநாளில் தூரம் குறைவதற்கு வேறு காரணங்கள் உள்ளன: நனைந்த தரையில் பந்து உருள்வதில்லை, மட்டைக்கும் பந்துக்கும் இடையே நீர் புகுந்து சுழற்சியைக் கெடுக்கிறது, ஈரக்கை பிடியை நழுவவிடுகிறது. ஆகவே மழைக்காலத்தில் பெரிய மட்டை, உலர்ந்த துணி, குழியின் கொடிவரை பறக்கவிடும் அடி ஆகியவை வேண்டும். ஹிக்கரி மரத்தண்டு மட்டைகள் இருந்த காலத்தில் ஈரம் தண்டையே பாதித்தது. 1929-இல் பிரிட்டிஷ் விதிகள் எஃகுத் தண்டை ஏற்ற பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

பக்கக்காற்றில் இரண்டு வழிகள். பந்தைக் காற்று வரும் பக்கமாகக் குறிவைத்து, காற்றே அதைக் குழியிடம் கொண்டுவரும்படி விடலாம். அல்லது காற்றுக்கு எதிராகச் சுழற்சி கொடுத்து நேரே நிறுத்தலாம். முதல் வழி எளிது, இரண்டாவது கைதேர்ந்தவர்களுக்கு. காற்றைக் கணிக்க ஒரு சிட்டிகை காய்ந்த புல்லை மேலே எறிந்து பார்ப்பர். அது தலைமட்டக் காற்றை மட்டுமே சொல்லும். பந்து பறக்கும் உயரத்தின் காற்றை அறிய மர உச்சியைப் பார்க்க வேண்டும். களத்தில் நெல் தூற்றும் உழவர் காற்றின் போக்கைக் கவனித்து முறத்தை ஏந்துவதும் இத்தகைய அறிவே.

வெள்ளம், புயல், வறட்சி

அண்மை ஆண்டுகளில் சென்னையின் வானிலை, ஆட்டத்தின் நுணுக்கத்தைத் தாண்டிய கேள்விகளை எழுப்பியுள்ளது. 2015 டிசம்பர் முதல் நாளையொட்டித் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 490 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பதிவானது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நகரின் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையில் வேளச்சேரி உள்ளிட்ட பகுதிகள் மீண்டும் மூழ்கின.

இந்தப் பின்னணியில் கிண்டியின் திறந்த நிலம் வேறொரு கண்ணால் பார்க்கப்பட்டது. 1945 முதல் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த 160 ஏக்கருக்கு மேற்பட்ட பந்தயத் திடல் நிலத்தை, வாடகை நிலுவையைக் காரணம் காட்டித் தமிழக அரசு 2024 செப்டம்பரில் மீட்டுக்கொள்ள ஆணையிட்டது. ஓடுபாதைக்குள் இருந்த கோல்ஃப் திடலும் அந்த நிலத்தில் அடங்கியது. வழக்குகள் தொடர்ந்தன. அங்கே சுற்றுச்சூழல் பூங்கா அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சுற்றுப்புறத்தின் வெள்ளத்தைக் குறைப்பதற்காக மழைநீர் தேக்கும் குளங்கள் வெட்டப்பட்டன.

இதில் இரு தரப்புக்கும் சொல்ல வாதம் உண்டு. கட்டடங்கள் நெருங்கிய நகரில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கான்கிரீட் ஆகாமல் நின்றதற்குக் குதிரைப் பந்தயமும் கோல்ஃபும் காரணம். அந்த மண் ஒவ்வொரு கார்த்திகையிலும் மழையை உறிஞ்சியது. ஆனால் அரசு நிலம் மிகச் சிலரின் பொழுதுபோக்குக்கு மட்டும் திறந்திருப்பதும், அண்டைத் தெருக்கள் மூழ்கும்போது அந்த நிலத்தில் நீர்தேக்க ஏற்பாடு இல்லாதிருப்பதும் நியாயமா என்பது மறுதரப்பின் கேள்வி. உலகெங்கும் பல திடல்கள் இன்று சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரால் புல் வளர்க்கின்றன. வெள்ள நீரைத் தாங்கும் தாழ்நிலங்களாகவும் வடிவமைக்கப்படுகின்றன. வறட்சியிலும் பச்சையாகவே இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, கோடையில் பழுப்பேற அனுமதிக்கும் திடல்களும் உண்டு. எண்ணெய் மணலில் ஆடிய முந்தைய தலைமுறை இதைத் தேவையின் பேரில் செய்தது.

வரலாறு காட்டுவது

செஞ்சி மலைகளின் அடிவாரத்தில் பீரங்கி இழுத்தவர்களும், தேவனாம்பட்டினத்தில் கோட்டை வரைபடத்தோடு காய்ச்சலில் கிடந்த ராபின்ஸும், கிண்டியில் மட்டை சுமந்த கேடிகளும் ஒரே காற்றைத்தான் எதிர்கொண்டனர். செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் மலை உச்சிவரை சுனைகளிலும் குளங்களிலும் மழைநீரைச் சேர்த்து வைத்தனர். முற்றுகை ஆண்டுக்கணக்கில் நீண்டபோது உள்ளிருந்தவர்களைக் காத்ததில் அந்த நீருக்குப் பங்கு உண்டு. கிண்டியில் இப்போது வெட்டப்பட்டிருக்கும் குளங்களின் பயனும் அடுத்தடுத்த வடகிழக்குப் பருவமழைகளில்தான் தெரியவரும்.